நெடுவயலூர்ப் பள்ளிக்கு இரண்டு வாசல்

"ரெண்டு வாசல், ரெண்டு கைகழுவுற தொட்டி, நடுவுல இழுத்து மூட ஒரு தடுப்பு. தலைவரே, இது பள்ளிக்கூடமா, இல்ல ரெண்டு கல்யாண மண்டபத்தை முதுகோட முதுகு ஒட்டிப் போட்டிருக்கீங்களா" என்று அந்த வெள்ளைச் சட்டை காண்ட்ராக்டர் கேட்டதும் கூட்டமே சிரித்தது, நானும் சிரித்தேன், முதலில் சிரித்தது நான்தானோ என்றுகூட இருக்கிறது, படம் என்னுடையது, என் படத்தை வைத்து நாலு பேர் சிரிக்கும்போது உம்மென்று இருந்தால் நன்றாக இருக்காதே என்று சிரித்தேன். ஊராட்சித் தலைவர் கோதண்டபாணி மட்டும் சிரிக்கவில்லை. துண்டின் நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் எங்கய்யா வரைஞ்சேன், தம்பிதானே வரைஞ்சாரு, மூளைக்காரத் தம்பி" என்று என் பக்கம் கையை நீட்டினார், அந்தக் கை நீண்ட நேரத்தில் என் சிரிப்பு பல்லிலேயே நின்றுபோனது. வாயை மூடவும் தெரியவில்லை. பொறியாளர் அலுவலகத்து மாடியறை, ஜன்னல் கம்பியைத் தொட்டால் கை சுடும் வெயில், சுவரில் வெளிச்சமாக விழுந்திருக்கிறது நெடுவயலூர்ப் பள்ளியின் படம், பகலில் பள்ளிக்கூடம், பொழுது சாய்ந்தாலும் விடுமுறையானாலும் ஊருக்கெல்லாம் பொதுமன்றம், கல்யாணம், மருத்துவ முகாம், நூலகம், வெள்ளம் வந்தால் தங்க இடம், எல்லாம் ஒரே கூரை. டெண்டருக்கு முந்தைய கூட்டம் இது. எடுத்துக் கட்ட வருகிறவர்கள் சந்தேகம் கேட்பார்கள், செயற்பொறியாளர் அருணகிரி சார் பதில் சொல்வார், திருத்தம் எதுவானாலும் இந்தக் கூட்டம் கலைவதற்குள் சொல்லியாக வேண்டும். கலைந்துவிட்டால் படம் படம்தான். அப்புறம் மாற்ற வேண்டுமென்றால் டெண்டரையே ரத்து செய்ய வேண்டும், ரத்தானால் இந்த வருசத்து ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும், அடுத்த வருசம் வேறொரு ஊர் அதைக் கொத்திக்கொண்டு போகும், இதெல்லாம் காலையில் வரும்போதே எனக்குத் தெரியும், தெரிந்து நிம்மதியாக பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தேன். மேற்கே ஊர்த் தெருவைப் பார்த்து ஒரு வாசல். கிழக்கே காலனியைப் பார்த்து ஒரு வாசல். எத்தனை மாதமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மேலேயிருந்து, பருந்து பார்க்கிற மாதிரி, எப்போதாவது ஒரு தடவை கீழே இறங்கி, செருப்புப் போட்ட காலோடு, ஒரு வாசலில் நின்று மற்ற வாசலைப் பார்த்தேனா.

பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறேன், சுவரில் இருக்கும் கோடுகள் கோடுகளாகவே இல்லை, கல்யாணம் நடக்கிறது, மேற்கு வாசலில் வாழை கட்டியிருக்கிறது, ஊர்த் தெரு ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள், கிழக்கு வாசல் சாத்தியிருக்கிறது, இன்னொரு நாள் கிழக்கு வாசலில் வாழை, மேற்கு சாத்தியிருக்கிறது, இன்னொரு நாள் இரண்டு பக்கமும் பிள்ளைகள், மதியச் சோறு, நடுவில் தடுப்பை யாரோ கர்ரென்று இழுக்கிறார்கள், அவரவர் தொட்டியில் அவரவர் கை கழுவுகிறார்கள், யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, கட்டடம் சொல்லிவிட்டது. நான் சொல்லிவிட்டேன். யாரும் என்னிடம் இப்படி வரையச் சொல்லவில்லை, அதுதான் இதில் கொடுமை. கருத்துக் கேட்கிறேன் என்று போனேன் நெடுவயலூருக்கு, மக்களிடம் கேட்டு மக்களுக்காக வரைவது என்று திருச்சியில் எங்கள் அலுவலகச் சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறோம், எல்லோரையும் ஓரிடத்தில் உட்கார வையுங்கள் என்றேன், "காலனிக்காரங்க இங்க வரத் தயங்குவாங்க தம்பி, நீங்க அங்க போய்த் தனியா கேட்டுக்குங்க, அதுதான் அவங்களுக்கும் மரியாதை" என்றார் தலைவர், மரியாதை என்ற சொல்லைக் கேட்டதும் தலையாட்டினேன். காலையில் கோயில் பந்தலடியில் ஒரு கூட்டம். மோர் கொடுத்தார்கள். சாயங்காலம் காலனியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஒரு கூட்டம். அங்கேயும் மோர்தான், ஆனால் கடையிலிருந்து பாக்கெட் மோர், உடைக்காத பாக்கெட், கையில் கொடுக்காமல் நாற்காலியில் வைத்தார்கள், நான் குடிப்பேனா என்று ஓரக்கண்ணால் பார்த்தார்கள், குடித்தேன், குடித்ததும் ஒரு பெரியவர் திரும்பிக்கொண்டார். அங்கே கேட்டார்கள், வாசல் எங்க பக்கம் இருக்கணும். இங்கேயும் கேட்டார்கள், வாசல் எங்க பக்கம் இருக்கணும். சுத்திக்கிட்டு வரமுடியாது தம்பி. தண்ணி எங்க பக்கமும் வேணும். பாடம் நடக்கும்போது முகாம் நடந்தால் பிள்ளைகள் கவனம் கெடும், நடுவில் மறைக்க ஒரு வழி பண்ணுங்கள் என்று டீச்சர் கேட்டார், பாவம் அவர் நிஜமாகவே பாடத்துக்காகத்தான் கேட்டார். கேட்டதையெல்லாம் கொடுத்தேன். ஊர் கேட்டதற்குச் சிவப்பு ஊசி, காலனி கேட்டதற்கு நீல ஊசி, பலகையில் குத்திக் குத்தி, சிவப்புக்கும் நீலத்துக்கும் சமமாகப் பிரித்து, பாருங்க மேடம் யாரையும் விடலை என்று எங்கள் அலுவலகத் தலைமை வடிவமைப்பாளரிடம் காட்டினேன், மேடம் தோளில் தட்டினார். இரண்டு இடத்தில் இரண்டு தரம் கேட்டவன் ஒரு கட்டடத்தையா வரைவான்.

"அடுத்து தளம்" என்கிறார் அருணகிரி சார். "ஹாலுக்கு என்ன கல்லுன்னு கேட்டிருக்காங்க. வழுக்காத டைல்ஸ்தான், மாத்தம் இல்ல." பக்கத்தில் மெஹருன்னிசா அக்கா கூட்டக் குறிப்பு எழுதுகிறார், தலை நிமிராமல், சொன்னதை மட்டும், சொன்னவர் பெயரோடு. எல்லாம் பேரில் ஏறும். நான் ஒன்று சொன்னால் அதுவும் ஏறும், நன்மாறன், வடிவமைப்பு உதவியாளர், இன்ன ஆட்சேபம். ஆட்சேபம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் கோதண்டபாணி என்னைத் திரும்பிப் பார்ப்பார். அவர் முதல் நாளே பார்த்தாயிற்று. இடம் காட்டக் கூட்டிக்கொண்டு போனவர், அவர் குடும்பத்துத் தரிசு அது, ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இரண்டு பேருக்கும் பொதுவாகக் கிடந்தது, தானமாகத் தருகிறார், பத்திரம் இன்னும் பதியவில்லை, வரப்பில் நடந்துகொண்டே பேச்சுவாக்கில் கேட்டார், "தம்பிக்குச் சொந்த ஊர் எது?" சொன்னேன். "அடடே, நம்ம சம்பந்தி ஊராச்சே. அங்க எந்தத் தெரு?" எந்தத் தெரு என்றால் என்ன கேட்கிறார்கள் என்று எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே தெரியும். பெரியகடைத் தெரு என்றேன். பொய் இல்லை. பெரியகடைத் தெருவில்தான் வளர்ந்தேன், வாடகை வீடு, அப்பா வீடு பார்க்கப் போனபோது பேங்க் வேலை என்றார், சைவமா என்றார்கள், ஆமாம் என்றார், அதன்பிறகு அந்த வீட்டில் கருவாடு மணந்ததே இல்லை, அத்தை வீட்டுக்குப் போனால்தான் உண்டு, சின்ன வயதில் எனக்கு அத்தை வீடு என்றாலே கருவாடுதான். அம்மா மெதுவாகப் பேசு மெதுவாகப் பேசு என்று சொல்லிக்கொண்டே இருப்பாள், கீழ்வீட்டுக்குக் கேட்கும், எதைக் கேட்கும் என்று சொல்லமாட்டாள். மெதுவாகவே பேசிப் பழகிவிட்டது. தங்கமான பையன், வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடும் என்பார்கள் அந்தத் தெருவில். தலைவருக்குப் பெரியகடைத் தெரு போதுமானதாக இருந்தது, தோளில் கை போட்டார், மதியம் அவர் வீட்டுக் கூடத்தில் இலை போட்டுச் சாப்பாடு, அவர் மனைவி கூடக் கொஞ்சம் நெய் ஊற்றினார், நான் சாப்பிட்டேன். ஒவ்வொரு கவளமும் இப்போது தொண்டையில் தெரிகிறது. இன்றைக்கு நான் வாயைத் திறந்தால் அந்தச் சாப்பாட்டையும் சேர்த்துத்தான் கேட்பார்கள்.

டீ வந்தது. கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது. கடைசி வரிசையில் செல்லக்கிளி அக்கா தனியாக இருந்தார், பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவர்தான் தலைவி, காலனி, மூன்றாம் வகுப்பில் ஒரு மகள். பழைய ஓட்டுப் பள்ளிக்கூடத்தை இடித்த பிறகு ஊர்த் தெருப் பிள்ளைகளுக்கு வேன் வருகிறது, காலனிப் பிள்ளைகள் பைபாஸைத் தாண்டி அடுத்த ஊர்ப் பள்ளிக்கு நடக்கிறார்கள், செல்லக்கிளி அக்கா தினமும் நடு ரோட்டில் இறங்கி நின்று லாரிக்குக் கை காட்டுவார், நான் ஒருநாள் பார்த்தேன், லாரிக்காரன் கெட்ட வார்த்தையில் ஏசிக்கொண்டு போனான், அவர் காது கேளாதவர் மாதிரி பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார். போன ஐப்பசியில் லாரி மோதி ஒரு பையனுக்குக் கால் போனது, கட்டை வைத்துத்தான் நடக்கிறான். டீயை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அக்கா, அந்த ரெண்டு வாசல், என்று ஆரம்பித்தேன். டீயை ஊதிக்கொண்டே, "இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றார். என்னக்கா. "படத்தை மொத மொத விரிச்சீங்கல்ல, அன்னிக்கே எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு, மாப்பிள்ளை வீடு பொண்ணு வீடு மாதிரி வரைஞ்சிருக்கு புள்ளைன்னு." ஏன்கா சொல்லல. "சொல்லி? அப்ப தலைவரு பள்ளிக்கூடமே வேணாம்னுடுவாரு. எடம் அவருது." டம்ளரைக் கீழே வைத்தார். "இதப் பாருங்க தம்பி. வாசல் எத்தனையா வேணா இருக்கட்டும். உள்ள ஒண்ணுதானே? தடுப்புதானே, இழுத்தா மூடும், தள்ளுனா தொறக்கும். மொதல்ல சுவரு எழும்பட்டும், என் பொண்ணு ரோட்டைத் தாண்டாம இருக்கட்டும். தடுப்பை யாரு இழுக்கறா யாரு தள்ளறாங்கறதை அப்பறம் நாங்க பாத்துக்கறோம். எங்களுக்குத் தெரியாத இழுவையா." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் உடம்பிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது, அப்பாடா, அவரே சொல்லிவிட்டார், வாழப்போகிறவர் அவர், நான் யார், திருச்சியிலிருந்து வருகிறவன், என் மனச்சாட்சிக்கு ஒரு பெண் தினமும் லாரி முன்னால் நிற்க வேண்டுமா. என் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். போனில் மேடத்திடமிருந்து, எல்லாம் ஸ்மூத்தாப் போகுதா. ஆமாம் என்று அடித்தேன். அனுப்பவில்லை. விரல் அதன் மேலேயே நிற்கிறது.

உள்ளே ஒன்றுதானே. அதைப் பிடித்துக்கொள்ளலாம். இன்னொன்றும் செய்யலாம், சத்தமில்லாமல், நம் வழக்கப்படி, கட்டும்போது தடுப்புக்கு வேண்டிய தண்டவாளம் சரியில்லை, வரவில்லை, அடுத்த கட்டத்தில் போடலாம் என்று தள்ளிக்கொண்டே போகலாம், அரசாங்க வேலையில் அடுத்த கட்டம் என்பது வராத கட்டம்தான், தடுப்பில்லாமல் ஹால் திறந்தே கிடக்கும், எந்த வாசலில் நுழைந்தாலும் ஒரே தரையில் நிற்க வேண்டும், யாரும் பேசவில்லை, யாரும் பெயரில் ஏறவில்லை, கட்டடமே வேலையைச் செய்துகொள்ளும். நல்ல யோசனை. நல்ல யோசனைதானே. ஏன் பிடரி வேர்க்கிறது. எங்கள் தாத்தா கதை சொல்வார், அவர் கதையில் ராஜாக்கள் ஓயாமல் கோட்டை கட்டுவார்கள், ஏழு சுற்றுக் கோட்டை, சுற்றுக்கொரு வாசல், வாசலுக்கொரு பூதம் என்று குரலை ஏற்றி இறக்கிச் சொல்லிக்கொண்டே வருவார், ஒருநாள் கேட்டேன், கடைசி வாசலுக்கு வெளியே யார் தாத்தா காவல். கதை நின்றது. "நம்ம ஆளுங்கதான். வெளிய காவல் நிக்கறதுன்னா நம்மளைத்தான் கூப்பிடுவாங்க" என்றார், உடனே பூதத்துக்குப் போய்விட்டார், பூதம் சிரித்தது, நானும் சிரித்தேன், வெளியே நின்றவர்கள் மழையில் என்ன செய்தார்கள் என்று கேட்க மறந்துபோனேன். அருணகிரி சார் கம்பியைப் பற்றிப் பேசுகிறார். கம்பி முடிந்து கழிப்பறை. கழிப்பறையும் நான் இரண்டு பக்கத்திலும் வைத்திருக்கிறேன், அடக் கடவுளே, அதையும் சமமாகப் பிரித்திருக்கிறேன், ஒரு பக்கம் ஆணுக்கும் பெண்ணுக்கும், மறு பக்கம் ஆணுக்கும் பெண்ணுக்கும், எவ்வளவு ஒழுங்கு, இந்தக் கையை என்ன செய்வது. கழிப்பறை முடிந்து மின்சாரம். ஒவ்வொன்றாக மாற்றம் இல்லை, மாற்றம் இல்லை என்று சொல்லிக்கொண்டே வருகிறார், மெஹருன்னிசா அக்காவின் பேனா கீச்கீச்சென்று நகர்கிறது, இன்னும் கொஞ்ச நேரம், எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் முடிந்துவிடும், அக்கா மகள் ரோட்டைத் தாண்ட மாட்டாள், நான் பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்வேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் கையைத் தூக்கினார். "சார், அந்த மடக்குத் தடுப்பு. அது வெளியூர்லேர்ந்து வரணும், வர்றதுக்குள்ள எனக்குத் தாடி நரைச்சிரும். வந்தாலும் ஒரு பருவ மழைக்கு சக்கரம் துரு ஏறி நின்னுக்கும், பசங்க தொங்குவானுங்க. அதுக்குப் பதிலா அந்த இடத்துல ஒரு செங்கல் சுவர் எழுப்பிட்டா செலவும் கம்மி, கெட்டியாவும் இருக்கும்." என்னுடைய நல்ல யோசனை அவர் வாயிலிருந்து தலைகீழாக வந்து விழுந்தது. அருணகிரி சார் கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் இல்லை, களைத்தவர், இந்த மாதத்தில் இது எத்தனையாவது கூட்டமோ, "சுவர்..." என்று இழுத்தார், "செய்யலாமே. நடுவுல தூண் இருக்குல்ல, தூணோட சேர்த்துக் கட்டிடலாம். தலைவர் என்ன சொல்றீங்க?" தலைவர் துண்டை மடியில் மடித்து வைத்தார். "எனக்கென்ன சார். பிள்ளைங்களுக்கும் பாதுகாப்பு. நல்ல யோசனைதான்." நான் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தேன். செல்லக்கிளி அக்கா சுவரில் விழுந்திருக்கும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது, இழுத்தால் மூடும் தள்ளினால் திறக்கும் என்று சொன்ன வாய், சுவரை யார் தள்ளுவது. எழுந்து நில் எழுந்து நில் என்று ஒன்று, உட்கார் உட்கார் கீழ்வீட்டுக்குக் கேட்கும் என்று ஒன்று, மெஹருன்னிசா அக்கா "மடக்குத் தடுப்புக்குப் பதில் செங்கல் சுவர்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பிக்கிறார், ம என்று போட்டாயிற்று, ட போடுகிறார், நாற்காலி பின்னால் சரிந்து தரையில் விழுந்த சத்தம் கேட்டது, என்னுடைய நாற்காலி, நான் நின்றுகொண்டிருந்தேன். "சுவர் வேணாம் சார்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. "என்னப்பா?" சுவர் வேணாம் சார். தடுப்பும் வேணாம். படத்துல தப்பு இருக்கு, என் தப்பு. "அளவா?" அளவு இல்ல சார், வாசல். ஒரு வாசல் போதும். தெற்குப் பக்கம், ஊர்த் தெருவும் காலனி ரோடும் வந்து சேர்ற முக்குல, ஒரே வாசல், ஒரே தொட்டி. ரெண்டு வாசல் வெச்சா ரெண்டு ஊருக்கு ரெண்டு பள்ளிக்கூடம் ஆயிடும் சார். என் குரல் எனக்கே எங்கிருந்தோ கேட்டது. வெள்ளைச் சட்டைக்காரர் காலடியைப் பார்த்துக்கொண்டார், அவர் வேடிக்கையாகச் சொன்னதுதான், வேடிக்கையாகச் சொன்னவரைக்கும் யாருக்கும் கஷ்டமில்லை.

கோதண்டபாணி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "தம்பி சின்னப் பையன். ஊர் நடப்பு தெரியாது" என்றார் அருணகிரி சாரைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, அதே வரப்பில் நடந்த குரலில், "ரெண்டு வாசல் இருந்தா காத்தோட்டம் தம்பி. தீ கீ பிடிச்சாலும் ஆபத்தில்ல. ஒத்த வாசல்லாம் சரிப்படாது. எங்க எடம், நாங்க பாத்துதான் குடுக்கறோம். ஆமா, பெரியகடைத் தெருன்னுதானே சொன்னீங்க?" தீக்கு அவசர வழி தனியா இருக்கு சார், வடக்கே, உள்ளேர்ந்து மட்டும் திறக்கும், ஜன்னல் பதினாறு என்று நான் கட்டடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன், தெருவுக்குப் பதில் சொல்லாமல், அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பதில் வரும்வரை பார்ப்பார், அப்போதுதான் மெஹருன்னிசா அக்கா பேனாவை மூடாமல் தலையை நிமிர்த்தினார். "சார், குறிப்புல எழுதணும். வடிவமைப்பாளர் ஒரே வாசல் கேக்கறார், அது எழுதிட்டேன். காத்தோட்டத்துக்கு அவர் பதில் சொல்லிட்டார், தீக்கும் சொல்லிட்டார், அதுவும் எழுதிட்டேன். ஒரே வாசல் சரிப்படாதுங்கறதுக்குத் தலைவர் சொல்ற காரணம் என்னன்னு போடறது?" அவர் குரலில் ஒன்றும் இல்லை. குத்தல் இல்லை, கேலி இல்லை, டைல்ஸுக்கும் கம்பிக்கும் கேட்ட மாதிரியே கேட்டார். அருணகிரி சார் தலைவரைப் பார்த்தார். தலைவர் மேஜையைப் பார்த்தார். எனக்கு அந்த நேரத்தில் தோன்றிய ஒன்று, அவருக்குக் காரணம் தெரியாமலில்லை, தெருவில் சொல்வார், வரப்பில் சொல்வார், பந்தலடியில் சொல்லாமலே எல்லோருக்கும் சொல்வார், இங்கே மட்டும், இந்த மேஜையில், பெயரைப் போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டுச் சொல்ல முடியாது. நான் இருபத்தாறு வருசம் மெதுவாகப் பேசினதும் இவர் இப்போது பேசாமல் இருப்பதும் ஒன்றுதானோ என்று ஓடியது, இல்லை, ஒன்றில்லை, எனக்குப் பயம், அவருக்குச் சட்டம். கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஒண்ணும் எழுத வேணாம்மா. ஊர்ல நாலு பேரைக் கலந்துக்கிட்டுச் சொல்றேன். எடம் குடுக்கறதா வேணாமாங்கறதையும் சேர்த்து." கதவுவரை போனவர் திரும்பி அருணகிரி சாருக்கு மட்டும் கும்பிடு போட்டார். அருணகிரி சார் என்னை உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. "வாசல் பத்தின முடிவு வர்ற வரைக்கும் டெண்டர் தேதி ஒத்திவைக்கப்படுது. எழுதிக்கோங்கம்மா" என்றார், அப்புறம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அதிக நாள் இல்லப்பா. மார்ச் முடிஞ்சா என் கையில ஒண்ணுமில்ல."

வராந்தாவில் செல்லக்கிளி அக்கா படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவரிடம் போவதற்குள் மனசு என்னென்னவோ ஓடிப் பார்த்தது, நன்றி சொல்வார், கையைப் பிடித்துக்கொள்வார், சே, எவ்வளவு அல்பம், அதையும் நினைத்தேன் என்பதுதான் உண்மை. அவர் கண் சிவந்திருந்தது, அழுத சிவப்பு இல்லை. "சுவரு வேணாம்னு மட்டும் சொல்லியிருக்கலாமே" என்றார். "தடுப்பே இருக்கட்டும்னு விட்டிருந்தா அவரும் சரின்னு போயிருப்பாரு. டெண்டரும் நடந்திருக்கும். வாசலை ஏன் தம்பி இழுத்தீங்க?" சுவர் என்று ஆரம்பித்த வாய் வாசல் என்று முடித்தது எப்படி என்று எனக்கே தெரியாது, திறக்கத்தான் நேரமாகிறது, திறந்துவிட்டால் எங்கே மூடுவது என்று பழக்கமில்லை. தப்பாக்கா, என்றேன். "தப்புன்னு யாரு சொன்னா. நான் நினைச்சதைத்தான் சொன்னீங்க, நான் நினைச்சு உள்ள வெச்சிருந்ததை. வெச்சிருந்தது எதுக்குன்னு உங்களுக்கு யாரு சொல்றது." கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. கைப்பிடி வெயிலில் சுட்டிருக்க வேண்டும், அவர் கையை எடுக்கவில்லை. "இனிமே எடம் தரமாட்டேன்னு சொல்லாம இருக்கணும். அதுக்கு ஊர்த் தெருவுலயே நாலு வீட்டுப் பொம்பளைங்களைப் பிடிக்கணும், அவங்க பிள்ளைங்களுக்கும்தானே பள்ளிக்கூடம், வேனுக்குக் காசு கட்டி முடியலன்னு ரெண்டு பேரு எங்கிட்டயே பொலம்பியிருக்காங்க. வீடு வீடாப் போகணும். பின்வாசல்லதான் நிப்பேன், பரவால்ல, நிக்கறேன். காலையில போனாத்தான் ஆம்பளைங்க இருக்கமாட்டாங்க." சரிக்கா. "என்ன சரி? காலையில நான் அங்க போயிட்டா இங்க ரோட்டுல யாரு நிக்கறது?" புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "திருச்சியிலேர்ந்து மொத பஸ் இருக்குல்ல. பிள்ளைங்க வர்றதுக்கு முந்தி வந்து எறங்கிடலாம். ஓரத்துல நின்னு கை காட்டுனா நிக்கமாட்டானுங்க, உள்ள எறங்கி நிக்கணும், நடுக்கோட்டுல. இது முடியற வரைக்கும் நீங்க வந்து நில்லுங்க." கேட்கவில்லை, சொன்னார். எத்தனை நாளைக்கு என்று வாய்வரை வந்தது, விழுங்கினேன். வரேன்கா, என்றேன். "லாரிக்காரன் ஏசுவான்" என்றார், முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு படியிறங்கினார், "பதிலுக்கு ஒண்ணும் பேசாதீங்க. பிள்ளைங்களை மட்டும் எண்ணுங்க."